அழாத பையனும் கோர்ட்டம்மாவும்

டெல்லா ப்ரோஹாஸ்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்பதுதான். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கே செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் சுற்றிலும் பார்ப்பார். சோப்பு நனைந்திருக்கிறதா? குழந்தையின் துண்டு குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்குகிறதா? பல் தேய்க்கும் பிரஷின் முடிகள் வளைந்திருக்கின்றனவா? புத்தம் புதிதாக நிமிர்ந்து நிற்கிற பிரஷ் என்றால், இவர் வரப்போகிறார் என்று தெரிந்து நேற்று வாங்கி வைத்தது. எல்லாம் பார்த்து முடித்தபின் ஒரு மரியாதைக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே வருவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவருக்குச் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஹாலை எல்லாரும் பெருக்கி வெச்சிடுவாங்க. பாத்ரூமுக்குள்ள இவ வந்து பாப்பான்னு யாருக்கும் தோணாது," என்பார் டெல்லா.

பெற்றவர்கள் அடித்தார்கள், அல்லது கவனிக்காமல் விட்டார்கள் என்று ஒரு குழந்தையை அரசாங்கம் வீட்டிலிருந்து எடுத்து வேறொரு குடும்பத்தில் விடும்போது வழக்கு நடக்கும். அரசாங்கத்துக்கு வக்கீல் உண்டு, பெற்றவர்களுக்கும் உண்டு. குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவரை நீதிபதி நியமிப்பார். சம்பளம் கிடையாது. குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், எது நல்லது என்று தன் மனசுக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்லாவ்னிக் ஊரில் இந்த வேலைக்கு ஆள் தேடினால் டெல்லாவின் பெயர்தான் முதலில் வரும். பிள்ளைகள் அவரை மிஸ் டெல்லா என்பார்கள். பெரியவர்கள் அவர் இல்லாத இடத்தில் கோர்ட்டம்மா என்பார்கள்.

பகலில் அவர் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருக்கிறார். நெப்ராஸ்காவில் அறுவடைக் காலம் வந்துவிட்டால் சோள லாரிகள் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு லாரியிலும் நீளக் குத்தூசியை இறக்கி, மேலே, நடுவே, அடியே என்று கைப்பிடி சோளம் எடுத்து ஈரம் பார்ப்பது அவர் வேலை. மேலே மட்டும் பார்த்துவிட்டு எந்த லாரியையும் அவர் உள்ளே விட்டதில்லை.

"என்னய்யா இது, சோளம் கொண்டாந்தியா, குளத்தக் கொண்டாந்தியா?" என்று சன்னல் வழியாகக் கத்துவார்.

"நேத்து ராத்திரி பனி, டெல்லா."

"பனி உன் வயல்ல மட்டும்தான் பேஞ்சுதா? போ, காய வெச்சு எடுத்துட்டு வா."

திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவன் விவசாயியே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏன் இந்தக் கோர்ட்டு வேலைக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், பெரிய கதை எதுவும் வராது. "சாயங்காலம் டீவி பாக்கப் புடிக்கல," என்பார்.

டீவி பார்ப்பது அவர் கணவர் மில்ட். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கொலாச்சி சுடுகிறார். நடுவில் பிளம் ஜாம் வைத்த அந்த ரொட்டியை டெல்லா எந்தப் பிள்ளைக்கும் எடுத்துப்போக முடியாது, பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றக் கூடாது. தன் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. எந்த வாக்குறுதியும் தரக் கூடாது. "அப்ப என்னதான் செய்யலாம்? மூச்சு விடலாமா?" என்று மில்ட் கேட்பார். "சீட்டாடலாம்," என்பார் டெல்லா. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஊனோ ஆடுவார். குழந்தையாயிற்றே என்று விட்டுக்கொடுக்க மாட்டார். தோற்ற பிள்ளைகள் அடுத்த வாரம் பழி தீர்க்கக் காத்திருப்பார்கள். மறுபடி வருவார் என்று பிள்ளைகள் நம்புவதற்கு அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு எப்போதும் ஒரே மஞ்சள் கோட்டு, கோடையிலும் கையிலாவது இருக்கும். தூரத்திலிருந்தே பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். ஒரே முதல் வாக்கியம், எந்தப் பிள்ளையானாலும்:

"ஜட்ஜால உன்ன வந்து பாக்க முடியாது, கண்ணு. அதனால என்ன அனுப்பிருக்காங்க. நீ நல்லா இருக்கியான்னு பாத்துட்டுப் போய் அவங்ககிட்ட சொல்றதுதான் என் வேல."

அந்த வாக்கியத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பயமுறுத்தாது, பொய் சொல்லாது, எந்த வாக்கும் தராது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி நடக்கும்போது, டெல்லாவை எழுந்து நின்று அதைச் சொல்லச் சொல்வார்கள். அவரும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு உட்காருவார்.

ஜோரியிடமும் அதைத்தான் சொன்னார். ஜோரிக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அவன் அம்மா ப்ரியான் போதைப் பழக்கத்தில் விழுந்து, ஜனவரிக் குளிரில் பையனைத் தனியே விட்டுவிட்டுப் போனவள். வீட்டில் ஹீட்டர் அணைந்துபோய், பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து அவனை எடுத்தபோது நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி, அங்கிருந்து நேரே கேரின் ஷ்ராட் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்கு வெளியே பண்ணை வீடு, ஆடுகள், தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு. கேரினுக்கும் அவள் கணவனுக்கும் பிள்ளை இல்லை. டெல்லா அந்த வீட்டுப் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்து மில்டிடம், "பிரஷ் முடியெல்லாம் நல்லா வளஞ்சிருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

ப்ரியான் சிகிச்சைக்குப் போனாள், மீண்டாள், முட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள், சலவைக்கடை மாடியில் ஒரு வீடு பிடித்தாள். டெல்லா போனபோது வீடு சுத்தமாக இருந்தது. பாத்ரூமில் டைனோசர் போட்ட சின்ன பிரஷ் உறை பிரிக்காமல் இருந்தது.

"நான் தப்பே பண்ணலன்னு சொல்ல வரல," என்றாள் ப்ரியான். "பண்ணினது எனக்கே தெரியும். அவன் என்னப் பாக்கறப்ப ஏதோ பேங்க்குல நிக்கற ஆளப் பாக்கற மாதிரி பாக்கறான். அதுக்குத்தான் எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

அதுதான் டெல்லாவையும் உறுத்தியது. சனிக்கிழமைதோறும் மாவட்ட அலுவலகத்தின் சந்திப்பு அறையில் அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள். டெல்லா மூலையில் நாற்காலி போட்டுக் கவனிப்பார். ஜோரி வருவான், உட்காருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான், கொடுத்ததைச் சாப்பிட்டு நன்றி சொல்வான். நேரம் முடிந்ததும் தானே மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு "பை மாம்" என்று வெளியே போய் கேரினின் வேனில் ஏறிவிடுவான். திரும்பிப் பார்த்ததே இல்லை. அழுவது ப்ரியான்தான். மாதக்கணக்கில் இதே கதை. கட்டிப்பிடித்து அழாத பிள்ளைக்கு அந்த மடி மறந்துபோயிருக்கும் என்று பயிற்சியிலும் சொல்வார்கள், அனுபவமும் அதைத்தான் சொல்லியது. டெல்லா அறிக்கையில் எழுதினார்: வளர்ப்பு வீட்டில் குழந்தை நன்றாக இருக்கிறான், தாயைப் பிரியும்போது வருத்தம் எதுவும் தெரியவில்லை, தாயிடம் திருப்பி அனுப்பும் திட்டத்தைக் கைவிட்டு, ஷ்ராட் தம்பதியருக்குத் தத்துக் கொடுப்பதே நல்லது. வியாழக்கிழமை நீதிபதி முடிவு சொல்வதாக இருந்தது. டெல்லா சொன்னதை நீதிபதி தள்ளியதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் பண்ணை வீட்டுக்குப் போனார். சமையலறைத் தரையில் சீட்டாட்டம். கேரின் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜோரி ஜெயித்துவிட்டு, சீட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"மிஸ் டெல்லா, ஜட்ஜுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னத்த?"

"நான் நல்லா இருக்கேன்னு."

"ஓ, சொல்லிட்டேனே. எழுதியே குடுத்துட்டேன்."

"அழவே இல்லன்னு எழுதினீங்களா?"

"அதையும்தான் எழுதினேன்."

பையன் சீட்டுக்கட்டின் ஓரத்தைத் தரையில் தட்டிச் சமமாக்கினான். "அப்ப ஏன் இன்னும் அனுப்பல? இன்னும் எவ்ளோ நல்லா இருக்கணும்?"

"எங்க அனுப்பணும், கண்ணு?"

"எங்க வீட்டுக்கு. அம்மாகிட்ட." அவனுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "ஆஸ்பத்திரில நர்ஸ் சொன்னாங்க, நல்லா ஆயிட்டா வீட்டுக்குப் போலாம்னு. எனக்கு இருமல் நின்னுடுச்சு. ஆனா இங்க கொண்டாந்து விட்டாங்க. அப்ப இன்னும் சரியாகலன்னுதானே அர்த்தம்? அப்புறம் நீங்க வந்து, நான் நல்லா இருக்கேனான்னு பாத்து ஜட்ஜுகிட்ட சொல்வேன்னீங்க. அதான் நல்லா இருக்கேன். அழுதா இன்னும் சரியாகலன்னு எழுதிடுவீங்கல்ல?"

கேரின் குழாயை மூடினாள். ஜோரி, பதிலுக்குக் காத்திருப்பதில் தேறியவனாக, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டான்.

வாசலில் வண்டி ஏறப்போனவரைக் கேரின் நிறுத்தினாள். கை இன்னும் ஈரமாகவே இருந்தது.

"வேன்ல அழுவான்," என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும். ஊர் தாண்டினதும் ஆரம்பிச்சான்னா எங்க கேட் வர வரைக்கும். கேட்ட பாத்ததும் சட்டையால மூஞ்சியத் தொடச்சிக்குவான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல." கேரின் ஆட்டுக் கொட்டிலைப் பார்த்தாள். "கேட்டிருந்தா சொல்லிருப்பேனான்னும் தெரியல. எனக்கும் அவன் வேணும், டெல்லா."

அவளிடம் கோபித்துக்கொள்ள டெல்லாவுக்கு மனசு வரவில்லை. மேலே, நடுவே, அடியே என்று ஊரான் சோளத்தைக் குத்திப் பார்ப்பவர், இந்தப் பிள்ளையை அறைக்குள் மட்டும் பார்த்தார். வேனுக்குள் பார்க்கவில்லை, வேனில் வருகிறவளைக் கேட்கவும் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே தன்னை ஒரு வார்த்தை திட்டிக்கொண்டார். அந்த வார்த்தையை இங்கே அச்சிட முடியாது.

சாப்பாட்டு மேசையில் மில்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். மில்ட் வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்வார் என்று பார்த்தால், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதே வாக்கியத்த எத்தன பசங்ககிட்ட சொல்லிருக்கேன், மில்ட்! ஊருக்கே பாடம் வேற எடுத்தேன்."

"மத்தவங்கள விடு. இப்ப இவன் கத என்ன? அது நல்ல வீடுதானே?"

"நல்ல வீடு."

"அப்ப வாய மூடிட்டு இரு. நீ பேசி, அவன் அம்மாகிட்ட போயி, நாளைக்கு அவ மறுபடி விழுந்தான்னு வையி. பழி யாரு தலைல?"

"என் தலைலதான்."

"தெரிஞ்சும் போய்ப் பேசணுமா?"

"அவன் சந்தோஷமா இருக்கான்னு நான் எழுதிருக்கேன், மில்ட். அத வெச்சு அவங்கம்மாவ அவங்கிட்டருந்து நிரந்தரமா அறுத்துவிடப் போறாங்க."

தட்டுகளை மில்டே எடுத்துக் கழுவினார். அந்த வீட்டில் அது அபூர்வம்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் டெல்லா எழுந்து நின்றார். மஞ்சள் கோட்டின் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. ப்ரியான் ஒரு பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், கேரின் பின்வரிசையில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யுவர் ஆனர், என் அறிக்கைல ஒரு விஷயம் தப்பு. பையன் அழலன்னு எழுதினேன். அவன் அழாதது என்னாலதான்." வேன், ஆஸ்பத்திரி, தன்னுடைய வாக்கியம் எல்லாவற்றையும் சோள ஈரம் சொல்கிற அதே குரலில் சொல்லி முடித்தார்.

அரசாங்க வக்கீல் எரிச்சலோடு எழுந்தார். "எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணா? அப்ப வளர்ப்பு வீடு சரியில்லங்கறீங்களா?"

"ரொம்ப நல்ல வீடு. அத நான் எங்க வேணா சொல்லுவேன்."

"பையன அம்மாகிட்ட அனுப்பணுங்கறீங்களா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். போன வாரம் தெரியும்னு நெனச்சு எழுதிட்டேன். இப்ப தெரியாதுன்னு சொல்ல வந்திருக்கேன்."

ப்ரியான் கடித்த நகத்தை வாயிலேயே மறந்துவிட்டு டெல்லாவைப் பார்த்தாள். பின்வரிசையில் கேரின் தலை குனிந்திருந்தது. நீதிபதி லண்டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுவடை முடியும் வரை முடிவைத் தள்ளிவைத்தார். அதுவரை சனிக்கிழமைச் சந்திப்புகள் தொடரட்டும், டெல்லா கவனித்துப் புதிய அறிக்கை தரட்டும் என்றார். "இந்தத் தடவ அவன நடிக்க வைக்காமப் பாருங்க," என்று சேர்த்துக்கொண்டார். டெல்லாவை நீதிபதி கடிந்துகொண்டதை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். எடைமேடையில் அந்த வாரம் முழுவதும் லாரிக்காரர்கள் எவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

மறுநாளே அவர் பண்ணை வீட்டுக்குப் போய் ஜோரியோடு தரையில் உட்கார்ந்தார். சீட்டுக்கட்டைத் தொடவில்லை.

"நான் உங்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன், கண்ணு. நீ நல்லா இருந்தா வீட்டுக்கு அனுப்புவோம்னு ஒண்ணும் கெடையாது. நீ எங்க இருக்கணுங்கறது பெரியவங்க பாத்து முடிவு பண்றது. அதுக்கு நீ எதுவும் செஞ்சு காட்ட வேண்டாம்."

"அப்ப எப்ப அனுப்புவாங்க?"

"அனுப்புவாங்களான்னே எனக்குத் தெரியாது. ஜட்ஜுக்கும் இன்னும் தெரியாது."

பையன் இதை யோசித்தான். "அழலாமா?"

"அழலாம்."

"அழுதா எழுதுவீங்களா?"

பொய் சொல்லிவிட ஒரு வினாடி போதும். டெல்லாவுக்கு அது வரவில்லை. "பாத்தா எழுதணும். அதான் என் வேல."

"அப்ப வேணாம்," என்றான் ஜோரி.

சனிக்கிழமை வந்தது. ப்ரியான் மக்ரோனியும் சீஸும் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். பையன் சாப்பிட்டான், நன்றி சொன்னான், முதல் வகுப்பில் வரைந்த ஆட்டைக் காட்டினான். ப்ரியான் ஆட்டுக்கு ஏன் ஐந்து கால் என்று கேட்டாள். "அது வாலு," என்றான் அவன். அவள் சிரித்தாள், அவனும் பாதி சிரித்தான், பிறகு மூலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டெல்லா அதைக் கவனித்தார். வெளியே கேரினின் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

நேரம் முடிந்தது. ஜோரி தானே மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ப்ரியான் மண்டியிட்டுக் கையை நீட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தாள், வற்புறுத்தக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பையன் கதவு வரைக்கும் போனான். "பை" என்று வந்தது, "மாம்" வரவில்லை. தாடையை இறுகக் கடித்துக்கொண்டு, மூலையில் இருக்கும் டெல்லாவின் கண்களைப் பார்த்தபடியே நின்றான்.

டெல்லா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.